ஆறாம் வகுப்புத் தேர்வுக்கு வீட்டிலிருந்தே தயாராவது: மொரிஷியஸுக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

மொரிஷியஸில் தொடக்கப் பள்ளி ஆறு வருடம். ஆறாம் வகுப்பின் முடிவில் தீவு முழுக்க ஒரே வினாத்தாளில் ஒரு பொதுத் தேர்வு நடக்கும். எல்லோரும் பி.எஸ்.ஏ.சி. (பிரைமரி ஸ்கூல் அச்சீவ்மென்ட் சர்டிஃபிகேட்) என்று சொல்வது இதைத்தான். வேலை நிமித்தம் குடும்பத்தோடு இங்கே வந்து, பிள்ளையை நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த லெசோனுக்கு அனுப்பலாம்?" என்பதுதான். இங்கே டியூஷனை லெசோன் என்பார்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில் முக்கால் பங்கைத் தமிழ் மட்டுமே தெரிந்த அம்மாவோ அப்பாவோ பாட்டியோ கூடச் செய்யலாம்.

முதலில் தேர்வு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வோம்

தேர்வை நடத்துவது ரெதுயியில் இருக்கும் மொரிஷியஸ் எக்ஸாமினேஷன்ஸ் சிண்டிகேட். 1984இல் ஏற்படுத்தப்பட்ட அமைப்பு அது. முன்பு இருந்த சி.பி.இ. என்ற தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வின் இடத்தில் 2017இல் பி.எஸ்.ஏ.சி. வந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, கணிதம், அறிவியல், வரலாறும் புவியியலும் ஆகியவை முக்கியப் பாடங்கள். இவற்றோடு விருப்ப மொழியாகத் தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, சீனம், அரபு, இந்தத் தீவின் பேச்சு மொழியான கிரியோல் ஆகியவற்றில் ஒன்றை எடுக்கலாம். அறிவியலுக்கும் வரலாறு-புவியியலுக்கும் ஒரு பகுதி மதிப்பீடு ஐந்தாம் வகுப்பிலேயே முடிந்துவிடும், மறு பகுதி ஆறாம் வகுப்பில். புதிதாக வந்தவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. "ஆறாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தால் இந்தப் பாடங்களில் ஒரு பகுதி கையை விட்டுப் போயிருக்கும். ஐந்தாம் வகுப்பு தொடங்கும்போதே பள்ளியில் அந்த ஆண்டின் தேர்வு அட்டவணையைக் கேட்டு வாங்கி வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

முடிவு எண் தரமாக வரும். 1 என்பதுதான் உயர்ந்த தரம். நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டே பழகிய நமக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் குழப்பும்.

இந்தத் தேர்வு எதைத் தீர்மானிக்கிறது என்பதையும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். சி.பி.இ. காலத்தில் பெயர் பெற்ற சில கல்லூரிகளில் (இங்கே மேல்நிலைப் பள்ளியைத்தான் கல்லூரி என்பார்கள்) இடம் பிடிக்கப் பதினொரு வயதுப் பிள்ளைகள் முட்டி மோதினார்கள். அந்தக் காலத்தில் படித்தவர்கள் இன்றும் அதே பயத்தோடு உங்களுக்கு ஆலோசனை சொல்வார்கள். இப்போது தீவு நான்கு கல்வி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை பெரும்பாலும் தன் மண்டலத்து மேல்நிலைப் பள்ளிக்குப் போகும். பெற்றோர் கொடுக்கும் விருப்பமும் வீடு இருக்கும் இடமும் அதில் கணக்கில் வரும். அகாதமிகள் என்று அழைக்கப்படும் அந்தப் பெயர் பெற்ற பள்ளிகளுக்கு ஒன்பதாம் வகுப்புத் தேசியத் தேர்வுக்குப் பிறகுதான் வழி. அதாவது பிள்ளைக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்கும் மேல்நிலையில் படிக்க இடம் உண்டு. இதைப் பெற்றோர் மனதார நம்பினால்தான் பிள்ளை நிம்மதியாகப் படிக்கும். ஆகவே இதை நான் முதல் படியாகவே வைப்பேன்.

கேள்வியைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான்.

கணிதம், அறிவியல், வரலாறு-புவியியல் எல்லாவற்றுக்கும் வினாத்தாள் ஆங்கிலத்தில்தான். வகுப்பில் ஆசிரியர் பாதி கிரியோலிலும் பிரெஞ்சிலும் விளக்குவார். விளையாட்டுத் திடலில் முழுக்கக் கிரியோல். வீட்டுக்கு வந்தால் தமிழ். இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளை கணக்கில் தவறினால், கணக்குத் தெரியாமல் தவறியதா, கேள்வி புரியாமல் தவறியதா என்று பாருங்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டாம் வகை.

ரோஸ் ஹில்லில் ஒரு வீட்டுச் சமையலறை மேசையில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியோடு உட்கார்ந்திருந்தேன். கணக்கு இதுதான்: ஒரு கடைக்காரரிடம் 245 லிச்சிப் பழங்கள். காலையில் 78 விற்றார், மதியம் 96 விற்றார். கடைசியில் 20 மட்டும் மீதி இருக்க வேண்டுமென்றால் இன்னும் எத்தனை விற்க வேண்டும்? அவள் 78ஐயும் 96ஐயும் கூட்டி 174 என்றாள், 245இலிருந்து கழித்து 71 என்று எழுதிக் கட்டம் போட்டுவிட்டாள். கூட்டலும் சரி, கழித்தலும் சரி, விடை தவறு. "மீதி" என்ற சொல்லைப் பார்த்ததும் மீதியைத்தான் கேட்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். புத்தகத்தை மூடச் சொன்னேன். "அந்தக் கடையில என்ன நடந்துச்சுன்னு தமிழ்ல சொல்லும்மா" என்றேன். காலை, மதியம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "இருபது மிச்சம் வச்சுட்டு மத்ததை விக்கணும்" என்று சொன்ன இடத்தில் நின்றுவிட்டாள். அப்புறம் நான் எதுவும் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து 71இலிருந்து 20ஐக் கழித்து 51 என்று அவளே எழுதினாள்.

இதைத்தான் தினமும் செய்யச் சொல்கிறேன். பிள்ளை கேள்வியை ஒருமுறை சத்தமாக வாசிக்கட்டும். தாளைக் கவிழ்த்துவிட்டு, அதில் என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்லட்டும். எதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் பென்சில். ஒரு நாளைக்கு மூன்று கணக்கு போதும். முப்பது கணக்கு போட வைத்தால் பிள்ளை வேகமாக முடிக்கத்தான் பழகும், யோசிக்கப் பழகாது.

உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் இந்த வேலை தடைபடாது. பிள்ளை சொல்லும் கதையில் ஓட்டை இருந்தால் கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். "அப்போ அந்த இருபது எங்க போச்சு?" என்று ஒரு பாட்டி கேட்டால் போதும், பிள்ளை மறுபடி தாளைத் திருப்பிப் பார்க்கும்.

கூடவே ஒரு சின்ன நோட்டு வையுங்கள். கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலச் சொற்களை அதில் பிள்ளையே எழுதட்டும், பக்கத்தில் அந்தச் சொல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதட்டும். ஆல்டுகெதர், ரிமெயின், டிஃபரன்ஸ், ஈச், அட் லீஸ்ட் போன்றவை கணக்கில் வரும். அறிவியலில் நேம் என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை போதும், கிவ் எ ரீசன் என்று கேட்டால் காரணத்தோடு ஒரு முழு வாக்கியம் வேண்டும். இது தெரியாமல் ஒற்றைச் சொல் எழுதி மதிப்பெண்ணை விடும் பிள்ளைகள் ஏராளம். நோட்டை நீங்கள் நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை தன் கையால் எழுதியதுதான் தேர்வு அறையில் ஞாபகத்துக்கு வரும்.

பிரெஞ்சுக்குப் பயப்படும் வீடுகளுக்கு

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நேராக நான்காம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்குப் பிரெஞ்சுதான் பெரிய மலை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு வந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் தாமதிக்காமல் தலைமை ஆசிரியரைப் பார்த்து, பிள்ளை பிரெஞ்சுக்குப் புதிது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வகுப்பு மிஸ்ஸுக்கு அது தெரிந்திருந்தால் பிள்ளையைச் சோம்பேறி என்று நினைக்க மாட்டார்.

நண்பர்களோடு பேசிப் பேசிப் பிள்ளை சில மாதங்களில் கிரியோல் பிடித்துக்கொள்ளும். அது நல்லது, தடுக்காதீர்கள். கிரியோலின் சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து வந்தவை என்பதால் காதுக்குப் பிரெஞ்சு பழகும். ஆனால் எழுத்தில் அதே பழக்கம் காலை வாரும். பள்ளிக்கூடத்தைக் கிரியோலில் லெகோல் என்று ஒரே சொல்லாக எழுதுவார்கள். பிரெஞ்சில் முதல் எழுத்துக்குப் பிறகு ஒரு மேற்குறி, அடுத்த எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு. அந்தச் சாய்கோடு போனால் எழுத்துப்பிழைதான்.

பிரெஞ்சு தெரியாத பெற்றோர் டிக்டேஷன் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. திங்கட்கிழமை, பாடப் புத்தகத்தில் மிஸ் ஏற்கெனவே நடத்தி முடித்த ஐந்தாறு வரிகளைப் பிள்ளை நிறுத்தி நிறுத்தி வாசித்து உங்கள் போனில் பதிவுசெய்யட்டும். வியாழக்கிழமை அதே பதிவைப் போட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் எழுதட்டும். பிறகு இருவரும் சேர்ந்து புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கோடும் குறியும் விடுபட்ட இடத்தைக் கண்டுபிடிக்கப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை, பொறுமையாகப் பார்த்தால் போதும். உச்சரிப்பு சரியா என்ற சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளையிடம் பதிவைக் கேட்கக் கொடுங்கள். இங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தமிழை விருப்ப மொழியாக எடுக்கலாமா?

எடுங்கள் என்றுதான் சொல்வேன். நம் பிள்ளைக்கு அது கைவந்த மொழி, தன்னம்பிக்கை கொடுக்கும். பள்ளியில் தமிழாசிரியர் இருக்கிறாரா என்று சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் "வீட்டில் தமிழ்தானே பேசுகிறோம்" என்று விட்டுவிட்டால் நம் பிள்ளைகளே சறுக்குவார்கள். மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் தயாரிக்கும் பாடப் புத்தகங்கள் எழுத்துத் தமிழில் இருக்கும். வீட்டில் கிரியோல் பேசும் மொரிஷியஸ் தமிழ்ப் பிள்ளை அந்தத் தமிழைப் பாடமாகவே படிப்பதால் "வந்தது" என்று சரியாக எழுதிவிடும். நம் பிள்ளை "வந்துச்சு" என்று எழுதி வைக்கும். ஆகவே வாரத்துக்கு ஒரு பத்தி எழுத்துத் தமிழில் எழுதப் பழக்குங்கள். றகர ரகரமும், ணகர நகர னகரமும் தனிக் கவனம் கேட்கும்.

வரலாறு வெளியே இருக்கிறது

வரலாறு-புவியியலை மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளைக்கு டச்சு, பிரெஞ்சு, பிரிட்டிஷ் காலங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஒரு சனிக்கிழமை போர்ட் லூயிஸுக்குக் கூட்டிப் போங்கள். துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் லபூர்தொனே சிலையில் தொடங்குங்கள். 1735இல் ஆளுநராக வந்தவர் அவர். அவர் காலத்தில் பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை இங்கே வரவழைத்தார்கள் என்று சொல்லுங்கள், பிள்ளையின் காது நிமிரும். அங்கிருந்து, ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய துறையான "ஆப்ரவாசி காட்" என்ற இடத்துக்கு நடந்தே போய்விடலாம். 1834 நவம்பர் 2ஆம் தேதி அட்லஸ் கப்பலில் வந்த 36 ஒப்பந்தத் தொழிலாளர்களோடு தொடங்கிய கதை அது. அங்கே இருக்கும் பதினாறு கல்படிகளையும் பிள்ளை எண்ணிப் பார்க்கட்டும். 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1835இல் அடிமை முறை ஒழிந்ததையும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதையும் அங்கே நின்றபடியே சேர்த்துச் சொன்னால் எது முதலில், எது பிறகு, ஏன் என்பது தானாகவே பிடிபடும். தேர்விலும் அதைத்தான் கேட்கிறார்கள். இன்னொரு நாள் மஹேபூர் அருங்காட்சியகம். 1810இல் கிராண்ட் போர்ட்டில் நடந்த கடற்போரின் கதை அங்கே இருக்கிறது.

கடைக்குப் போகும்போது 100 ரூபாய் நோட்டைக் காட்டுங்கள். அதில் இருப்பவர் மொரிஷியஸின் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன். நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும், வாசிக்கச் சொல்லுங்கள்.

பழைய வினாத்தாளை எப்போது எடுப்பது

புத்தகக் கடைக்குப் போனதும் பழைய வினாத்தாள் தொகுப்பை வாங்கி வந்து, அன்றே நேரம் வைத்து எழுத வைக்கும் பெற்றோர் உண்டு. பாதிப் பாடம் நடக்காத நிலையில் அந்தத் தாள் பிள்ளையின் மனதை ஒடிக்க மட்டுமே பயன்படும். முதலில் பாடப் புத்தகம். மொரிஷியஸ் கல்வியியல் நிறுவனம் தயாரிக்கும் புத்தகங்கள் அவர்கள் இணையதளத்திலும் கிடைக்கும், பழைய வகுப்புப் புத்தகங்களும் உண்டு. நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு மூன்றாம், நான்காம் வகுப்புப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்க இது நல்ல வசதி.

இரண்டாம் பருவத்தில் பழைய தாள்களை எடுங்கள். அப்போதும் முழுத் தாளாக வேண்டாம். பின்னம் நடந்து முடிந்தால் நான்கைந்து வருடத் தாள்களிலிருந்து பின்னக் கேள்விகளை மட்டும் எடுத்து, நேரம் பார்க்காமல் போடட்டும். கடைசிப் பருவத்தில் வாரம் ஒரு முழுத் தாள், கடிகாரம் வைத்து. முந்தைய வாரத் தாளின் தவறுகளைப் பார்த்து முடிக்காமல் அடுத்த தாளைத் தொடவே கூடாது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு.

தவறுகளைப் பார்க்கும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எழுத்துப் போடச் சொல்லுங்கள். பாடம் தெரியவில்லை என்றால் "பா". கேள்வி புரியவில்லை என்றால் "கே". எல்லாம் தெரிந்தும் அவசரத்தில் விட்டது என்றால் "அ". மூன்று தாள் முடிந்ததும் எந்த எழுத்து அதிகம் என்று எண்ணுங்கள். "பா" அதிகமென்றால் மிஸ்ஸிடம் போக வேண்டும். "கே" அதிகமென்றால் மேலே சொன்ன வாசிப்புப் பழக்கத்தைக் கூட்ட வேண்டும். "அ" அதிகமென்றால் கடைசிப் பத்து நிமிடத்தைச் சரிபார்க்க ஒதுக்கப் பழக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே மருந்தாக "இன்னும் நிறையப் படி" என்று சொல்வதால் எந்தப் பலனும் இல்லை.

பள்ளியோடு பேசுவது

பெற்றோர் கூட்டத்தில் "என் பிள்ளை எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். தவறு எழுத்துப் போட்ட தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "இந்த மூன்று இடத்தில் தடுமாறுகிறாள், எந்தப் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கட்டும்?" என்று கேளுங்கள். எந்த ஆசிரியரும் இதற்கு மனமுவந்து பதில் சொல்வார்.

பார்வைக் குறைவோ, எழுத்துகள் புரண்டு தெரியும் சிரமமோ, வேறு உடல்நலப் பிரச்சினையோ இருந்தால் பெரிய எழுத்து வினாத்தாள், கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளைக் கேட்கலாம். மருத்துவச் சான்றிதழோடு பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கியபின் ஓடினால் நடக்காது, ஆறாம் வகுப்பின் முதல் மாதத்திலேயே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். நம்மில் சிலர் வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று மறைக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள், இழப்பு பிள்ளைக்குத்தான்.

சரி, லெசோன்?

ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை தனிப்பயிற்சிக்கு இங்கே சட்டத் தடையே இருக்கிறது. ஆகவே நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு யாராவது இடம் இருக்கிறது என்றால் ஒதுங்கிவிடுங்கள். ஐந்து, ஆறாம் வகுப்பில், பிரெஞ்சுக்குப் புதிதான பிள்ளைக்குச் சின்னக் குழுவில் உதவி கிடைத்தால் அனுப்பலாம். எத்தனை பிள்ளைகள் என்றும், தவறுகளை ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து பார்ப்பீர்களா என்றும் கேளுங்கள். இருபது முப்பது பேர் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுதும் இடமென்றால் பள்ளியில் நடந்ததே மறுபடி நடக்கும். பள்ளி விட்டு நேராக லெசோன், இருட்டிய பிறகு வீடு, அதற்கு மேல் வீட்டுப்பாடம் என்று வாரம் முழுக்க ஓடும் பிள்ளைக்குத் தானாக யோசிக்க ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. எல்லாப் பாடத்துக்கும் லெசோன் என்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வருடத்தின் ஓட்டம்

ஜனவரியில் பள்ளி தொடங்கும்போதே புயல் காலமும் நடந்துகொண்டிருக்கும். எச்சரிக்கை வந்தால் பள்ளி மூடிவிடும், கனமழைக்கும் அப்படித்தான். அந்த நாட்களில் மின்சாரம் போனாலும் செய்யக்கூடிய வேலை வாய்விட்டு வாசிப்பது. தைப்பூசக் காவடி இங்கே பொது விடுமுறை. விரதம், கோயில் என்று அந்த வாரம் போகும், போகட்டும். தேர்வுக் காலமும் தீபாவளியும் நெருக்கி வரும் வருடங்களில்தான் கவனம் வேண்டும். பலகாரமும் பட்டாசும் நிறுத்த வேண்டாம், தூங்கும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

தேர்வு மையம் பிள்ளையின் சொந்தப் பள்ளியாக இல்லாமல் போகலாம். அப்படியானால் முந்தைய வாரமே ஒருமுறை அந்த வழியாகப் போய், வாசலைக் காட்டிவிட்டு வாருங்கள். கண்காணிப்பாளர் தெரியாத முகமாக இருப்பார், சந்தேகம் வந்தால் கை தூக்கலாம் என்று சொல்லி வையுங்கள். முதல் நாள் இரவே பென்சில், ரப்பர், ஸ்கேல், தண்ணீர் பாட்டில் எல்லாம் பைக்குள் போய்விட வேண்டும். காலையில் பிள்ளை வழக்கமாக எதைச் சாப்பிடுமோ அதையே கொடுங்கள்.

தேர்வு முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் வினாத்தாளைப் பிடுங்கி விடை சரிபார்க்காதீர்கள். மற்ற பெற்றோர் வாசலில் கூடி நின்று, "ஏழாவதுக்கு என்ன எழுதினே?" என்று ஆரம்பிப்பார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடங்கள். அடுத்த நாள் பிரெஞ்சு என்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டபின் அந்தப் போன் பதிவுகளில் இரண்டைக் கேட்டால் போதும்.